முழு விலை கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் தம்பியும் 11 வருடமாகத் தோல் கைப்பைகள் செய்து விற்கிறோம். மற்ற பைகளைவிட எங்கள் விலை இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதுவரை ஒரு காசு தள்ளுபடி கொடுத்ததில்லை. இப்போது ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம், 40 சதவீதத் தள்ளுபடியோடு தங்கள் மெகா சேலில் சேரச் சொல்லி அழைக்கிறது. கிடங்கில் 600 பை தேங்கிக் கிடப்பதால் சேர்ந்துவிடலாம் என்கிறான் தம்பி. சின்ன பர்ஸ், சாவிக்கொத்து என்று குறைந்த விலையில் ஒரு வரிசை போடவும் யோசனை வைத்திருக்கிறான். டீலர் ஒருவர் எங்களைக் கேட்காமலே 25 சதவீதம் குறைத்து விற்கிறார். மற்ற டீலர்கள் சண்டைக்கு வருகிறார்கள். போலிகளும் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, கைப்பிடி பிய்ந்த பையை ஒரு அம்மா வீடியோ எடுத்துப் போட்டு, அது பரவிவிட்டது. நாங்கள் போட்ட பதிலால் வம்பு இன்னும் பெரிதானதுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் எங்கள் பையைக் கண்டவர்களும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்; பழைய மதிப்பு போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி வருகிறார், டீலர் வருகிறார், விற்பனைத் தளம் வருகிறது, போலிக்காரர் வருகிறார். போன மாதம் உங்கள் பையை முழு விலை கொடுத்து வாங்கிப் போனாரே ஒருவர், அவர் மட்டும் எங்கேயும் வரவில்லை. நீங்கள் அடுக்கியிருக்கும் அத்தனை சிக்கலுக்கும் அவரிடம்தான் பதில் இருக்கிறது. அதனால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று மடங்கு விலை கொடுத்த அந்த வாடிக்கையாளர் வாங்கியது தோலை மட்டுமல்ல. வீட்டுக்குப் போனதும் "இவ்வளவு கொடுத்தா வாங்கினாய்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். "இது அப்படித்தான், விலை குறையாது, பத்து வருடம் உழைக்கும்" என்று அவர் பதில் சொல்லியிருப்பார். உங்கள் சார்பில் அவர் கொடுத்த வாக்கு அது. அடுத்த மாதமே அதே பை 40 சதவீதம் குறைவாக, சிவப்புப் பட்டை ஒட்டி, கெடிகாரம் ஓடும் ஒரு பக்கத்தில் கிடந்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? தான் ஏமாந்ததாக நினைப்பார். ஏமாந்ததை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பதால் உங்களுக்குப் புகாரும் வராது. இரண்டாவது பை வாங்க வரமாட்டார், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். விலை 100 என்றால் தோல், கூலி, உலோகப் பாகம் எல்லாம் சேர்த்து 40 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கையில் நிற்பது 60. விலையை 60 ஆக்கினால் நிற்பது 20. அதாவது இன்று ஒரு பையில் எடுக்கும் லாபத்தை எடுக்க, நாளை மூன்று பை விற்றாக வேண்டும். தளத்தின் கமிஷன், பெட்டி, அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அந்த 20-க்குள்தான் அடங்க வேண்டும். மூன்று மடங்கு பை தைக்க மூன்று மடங்கு கைகளும் வேண்டும். புதிதாகச் சேர்க்கும் கைகள் பழைய கைகள் போலத் தைக்குமா என்பதைத் தம்பியைவிடப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மூத்த கைவினைஞர் நன்றாகச் சொல்வார்.

நான் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில், நல்ல பேனா செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விளம்பர வேலை பார்த்தேன். வருடக் கடைசியில் ஒரு வாரம் மட்டும் தள்ளுபடி என்று திட்டம் போட்டுக் கொடுத்ததே நான்தான். முதல் வருடம் சரக்கு பறந்தது, எனக்குக் கைகுலுக்கல்கள் கிடைத்தன. இரண்டாம் வருடம் அதே வாரத்தில் விற்பனை இன்னும் கூடியது, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதமும் கடைகள் காற்றாடின. மூன்றாம் வருடம் ஒரு கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், இப்பல்லாம் யாரும் பேனாவை எடுத்துக் காட்டுங்கன்னு கேக்கறதில்ல. ஆஃபர் எப்பன்னுதான் கேக்கறாங்க" என்றார். தள்ளுபடி விலையே அந்தப் பேனாவின் நிஜ விலை ஆகிவிட்டது. முழு விலையை எல்லாரும் ஏமாற்று விலையாகப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது. இதை எழுதும்போதும் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

ஆகவே மெகா சேல் வேண்டாம். தம்பி கோபித்துக்கொண்டால் பழியை என்மேல் போடுங்கள்.

குறைந்த விலை வரிசை பற்றி அவர் சொல்வதை மட்டும் அப்படியே ஒதுக்கிவிட முடியாது. டிஃப்பனி நகை நிறுவனம் 1997-இல் வெள்ளியில் ஒரு வரிசை கொண்டுவந்தது. இளம்பெண்கள் அந்த வெள்ளிச் சங்கிலிக்கு அலைமோதினார்கள், விற்பனை ஏறியது, பங்குதாரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வைரம் வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள், இது பள்ளிப் பெண்கள் வாங்கும் கடை ஆகிவிட்டதே என்று முகம் சுளிப்பதை நிர்வாகம் கவனித்தது. 2002-இல் தொடங்கி அந்த வெள்ளியின் விலையை அவர்களே வேண்டுமென்று ஏற்றினார்கள். நன்றாக ஓடுகிற சரக்கின் ஓட்டத்தைத் தானே நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்று வெள்ளிச் சங்கிலி வாங்கிய பெண்களில் சிலராவது பின்னாளில் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு அங்கேயே போயிருப்பார்கள். சின்னப் பொருள் ஒரு படிக்கட்டு. வாசலில் இருக்கிறவரை தொந்தரவில்லை. வீடு முழுக்கப் படிக்கட்டாகிவிட்டால் எங்கே உட்காருவது?

உங்களுக்கு என் யோசனை இது. பர்ஸ் செய்யுங்கள், ஆனால் பைக்கு வெட்டும் அதே தோலில், அதே நூலில், அதே கையால். ஓரத் துண்டுகள் வீணாகாமல் போவது உபரி லாபம். விலையும் மற்ற பர்ஸ்களைவிட இரண்டு மூன்று மடங்காகவே இருக்கட்டும். வெளியே எங்கேயோ மொத்தமாகச் செய்யச் சொல்லி உங்கள் முத்திரையை மட்டும் குத்தி வாங்குவது இருக்கிறதே, அதைக் கனவிலும் நினைக்காதீர்கள். பியர் கார்டின் என்ற ஆடை வடிவமைப்பாளரின் பெயர் ஒரு காலத்தில் பாரிஸ் நாகரிகத்தின் உச்சம். அந்தப் பெயரைக் குத்திக்கொள்ள 800-க்கும் மேற்பட்ட உரிமங்கள் கொடுக்கப்பட்டன. பணம் கொட்டியது, அவர் கடைசிவரை செல்வந்தராகவே வாழ்ந்தார். பெயர்தான் பேனா, பெல்ட், துண்டு என்று எல்லாவற்றிலும் ஏறி, எதிலும் பொருளில்லாமல் போயிற்று.

அடுத்து, கிடங்கில் கிடக்கும் அந்த 600 பை.

பெரிய நிறுவனங்கள் இதற்கு ஒரு கொடூரமான வழி வைத்திருந்தன: கொளுத்திவிடுவது. 2018 மார்ச்சோடு முடிந்த ஒரே நிதியாண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்ட் மதிப்புள்ள சரக்கை அழித்ததாக பர்பெரி என்ற பிரிட்டிஷ் ஆடை நிறுவனத்தின் ஆண்டறிக்கையே சொன்னது. மலிவாக வெளியே போய்ப் பெயரைக் கெடுப்பதைவிட எரிந்து போவது மேல் என்ற கணக்கு. அது செய்தியானதும் எழுந்த கோபத்தில், அந்த வருடம் செப்டம்பரிலேயே இனி எரிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். மதிப்பைக் காப்பாற்றச் செய்த காரியமே மதிப்பைக் கெடுத்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: 2024-இல் வந்த விதிப்படி, விற்காத ஆடைகளையும் காலணிகளையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை முதல் தடை.

நீங்கள் கொளுத்தப் போவதில்லை, தெரியும். ஆனால் தேங்கிய சரக்கைத் தள்ளுபடிச் சந்தையில் கொட்டுவதற்கும் எரிப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. முதலில் 600 பையையும் பிரித்து அடுக்குங்கள். நிறம் பழையதாகிவிட்டதா, வடிவமே ஓடவில்லையா? நிறம்தான் சிக்கல் என்றால் சாயம் ஏற்றலாம், வாரையும் பூட்டையும் மாற்றலாம். ஓடாத வடிவத்தைப் பிரித்து பர்ஸுக்குத் தோலாக்கலாம். மிச்சமிருப்பதை, இதுவரை உங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும், கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தோடு சொல்லுங்கள்: "இந்த வடிவத்தை இனி நாங்கள் செய்யப் போவதில்லை. கடைசியாக இத்தனை பை இருக்கிறது. வெளியே விற்கும் முன் உங்களுக்குச் சொல்கிறோம்." விலை குறைத்தாலும் பாதகமில்லை. அந்தச் சலுகை அவரைத் தாண்டி யாருக்கோ போகாமல் அவருக்கே போவதால், முழு விலை கொடுத்தவருக்கு முகம் கறுக்காது. ஆனால் ஒருமுறைதான். அடுத்த வருடமும் இதே கடிதம் போனால் என் பேனாக் கதைதான்.

அதைவிட முக்கியம், 600 எப்படிச் சேர்ந்தது என்பது. கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் கேட்கிறேன்: வருடக் கடைசியில் டீலர்களிடம் இலக்கு வைத்துச் சரக்கைத் திணித்தீர்களா? "இந்த மாதம் ஐம்பது பை எடுத்தால் கூடுதல் மார்ஜின்" என்று சொன்னதுண்டா? உண்டு என்றால், 25 சதவீதம் குறைத்து விற்கும் அந்த டீலர் பாவம், துரோகி அல்ல. நீங்கள் கொடுத்த கூடுதல் மார்ஜினைத்தான் அவர் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கிறார். நான் பார்த்த விலைக்குறைப்புச் சண்டைகளில் பெரும்பாலானவை டீலரின் பேராசையில் தொடங்கியவை அல்ல. உற்பத்தியாளர் மாதக் கடைசியில் போட்ட ஒரு போன் காலில்தான் தொடங்கியிருக்கும்.

இருந்தாலும் அதை நிறுத்தத்தான் வேண்டும். எப்படி? இங்கே கவனமாக நடங்கள், ஏனென்றால் உங்களைப் போலவே தோல் பொருள் செய்யும் ஒரு நிறுவனம் இதே காரியத்துக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறது. லீஜின் என்பது அதன் பெயர். பிரைட்டன் என்ற பிராண்டில் பெல்ட்டும் கைப்பையும் விற்றது. சொன்ன விலைக்குக் கீழே விற்கும் கடைகளுக்குச் சரக்கு கிடையாது என்று 1997-இல் கொள்கை வகுத்தது. 2002-இல் ஒரு துணிக்கடை பிரைட்டன் சரக்கை 20 சதவீதம் குறைத்து விற்பதைக் கண்டுபிடித்துச் சரக்கை நிறுத்தியது. கடைக்காரர் வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். மறுவிற்பனைக்குக் குறைந்தபட்ச விலை விதிப்பது எந்நிலையிலும் சட்டவிரோதம் என்ற தீர்ப்பு அங்கே 1911 முதல் இருந்தது. 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது: இனி ஒவ்வொரு வழக்கிலும் போட்டிக்கு நன்மையா தீமையா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றது. கம்பெனி பக்கம் சொல்லப்பட்ட வாதத்தை நீங்கள் படிக்க வேண்டும். ஒரு கடை நல்ல வெளிச்சம் போட்டு, ஆள் வைத்து, பொறுமையாக விளக்கிச் சொல்கிறது. வாடிக்கையாளர் அங்கே எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்துக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கிப் போகிறார். நல்ல கடை எத்தனை நாளைக்குத் தாங்கும்? உங்களிடம் சண்டைக்கு வரும் மற்ற டீலர்கள் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் ஐரோப்பாவில் டீலருக்குக் குறைந்தபட்ச விலை விதிப்பது இன்றும் கடுமையான விதிமீறல். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆகவே "இந்த விலைக்குக் கீழே விற்காதே" என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ அந்த டீலருக்கு ஒரு வரி அனுப்பும் முன், போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நிஜமாகவே அனுப்பும் முன். பல முதலாளிகள் அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

விலையைத் தொடாமலே செய்யக்கூடியவை நிறைய. யாருக்குச் சரக்கு கொடுப்பது, எப்படிப்பட்ட கடையில் எப்படி வைத்து விற்பது, எந்த இடத்தில் விற்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதலாம். 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கோட்டி என்ற வாசனைத் திரவிய நிறுவனத்தின் வழக்கில், உயர்தரப் பொருளின் மதிப்பைக் காக்கும் நோக்கில், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள் வெளியார் ஆன்லைன் தளங்களில் வெளிப்படையாக விற்பதைத் தடை செய்யலாம் என்றது. நிபந்தனைகளில் முக்கியமானது: எல்லாருக்கும் ஒரே விதி, பாரபட்சம் கூடாது. இவருக்கு ஒரு சட்டம், உங்கள் மாமா நடத்தும் கடைக்கு ஒரு சட்டம் என்றால் நிற்காது. ஒவ்வொரு பையின் உள்ளேயும் வரிசை எண் பதியுங்கள். எந்த எண் எந்த டீலருக்குப் போனது என்று பில்லில் ஏற்றுங்கள். பிறகு சரக்கு எங்கிருந்து கசிகிறது என்று யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு பை வாங்கிப் பார்த்தால் போதும். டீலருக்கு இலக்குப் போனஸ் கொடுப்பதை நிறுத்தி, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். பாதி விலைக்குறைப்பு தானாக நிற்கும்.

வீடியோவுக்கு வருகிறேன். மனம் அதிகம் கனத்தது இங்கேதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியின் வலது முனை, டி-ரிங் என்ற உலோக வளையத்தைச் சுற்றி மடித்துத் தைத்திருக்கும் இடம். ஆறேழு தையல் வரிசையாக விட்டிருக்கிறது. நூல் முனை பஞ்சாக நிற்கவில்லை, சுருண்டு நிற்கிறது. மடிப்பின் விளிம்பில் பூசிய பூச்சு வெடித்து உள்ளே வெளிர் தோல் தெரிகிறது. இடது முனையில் சேதம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை இது ஒரே இடத்தில் நூல் அறுந்து, மற்ற தையல் உருவிக்கொண்டு வந்த கதை. இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் கோத்துக்கொண்டு நிற்பதால், ஒன்று போனால் இழுக்க இழுக்க விட்டுக்கொண்டே போகும். உங்கள் விளம்பரம் "கையால் தைத்தது" என்கிறது. கைப்பிடியை மட்டும் எப்போதிலிருந்து மெஷினுக்கு மாற்றினீர்கள்? தம்பிக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

இனி நீங்கள் போட்ட பதிலைப் பாருங்கள். "வணக்கம். எங்கள் பைகள் அனைத்தும் மிகக் கடுமையான தரப் பரிசோதனைக்குப் பின்னரே வெளியிடப்படுகின்றன. அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும்படி அவை வடிவமைக்கப்படவில்லை. இது போலியாகவும் இருக்கலாம் என்பதால் வாங்கிய ரசீதை அனுப்பவும்." மூன்றே வாக்கியத்தில் அந்த அம்மாவை அறியாதவர், அளவறியாதவர், போலி வாங்கியவர் என்று மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். உங்கள் பையைக் காப்பாற்றப்போய், உங்களுக்காக வீட்டில் வாதாடியவரைக் கைவிட்டீர்கள். கீழே 400 பேர் திட்டியிருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

நான் எழுதியிருந்தால் இவ்வளவுதான்: "அம்மா, மன்னிக்கவும். கைப்பிடித் தையல் விட்டிருக்கக் கூடாது. நாளை எங்கள் ஆள் வந்து பையை வாங்கிக்கொள்வார். சரிசெய்து தரும்வரை வேறொரு பை உங்களிடம் இருக்கும். தையல் ஏன் விட்டது என்று கண்டுபிடித்து இதே இடத்தில் எழுதுகிறோம்." கடைசி வரியை மறக்காமல் செய்து முடிக்க வேண்டும். போலி என்று சந்தேகம் இருந்தாலும் பை கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். போலியாகவே இருந்தாலும் அவரும் ஏமாற்றப்பட்டவர்தானே.

1989 செப்டம்பரில் லெக்சஸ் கார் அமெரிக்காவில் அறிமுகமானது. அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர், ஜெர்மன் கார்களோடு மோதும் துணிச்சல். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒயரிங்கிலும் பின்பக்க பிரேக் விளக்கிலும் கோளாறு என்று ஓரிரு புகார்கள் வந்தன. கமுக்கமாக அந்தக் கார்களை மட்டும் சரிசெய்திருக்கலாம். அதுவரை விற்ற ஏறக்குறைய 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். அழைத்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆட்களை அனுப்பி, வண்டியை எடுத்துப் போய், சரிசெய்து கொண்டுவந்து விட்டார்கள். 20 நாளில் வேலை முடிந்தது. பிராண்டையே முடித்திருக்க வேண்டிய சம்பவம்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

மறுபக்கம், 1990-இல் பெர்ரியே என்ற பிரெஞ்சு நீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருப்பதை அமெரிக்காவில் ஒரு ஆய்வகம் கண்டுபிடித்தது. அந்த நிறுவனமும் சும்மா இருக்கவில்லை, உலகெங்கும் 16 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தது. ஆனால் முதலில் வட அமெரிக்காவுக்குப் போன சரக்கில் மட்டும்தான் என்றார்கள். யாரோ சுத்தம் செய்யும்போது நடந்த தவறு என்றார்கள். ஐரோப்பாவிலும் கண்டுபிடிக்கப்பட்டதும் விளக்கம் மாறியது: ஊற்றிலிருந்து வரும் வாயுவில் இயற்கையாகவே பென்சீன் உண்டு, அதை வடிகட்டும் வடிப்பானைச் சரியாக மாற்றவில்லை என்றார்கள். ஊற்றிலிருந்து அப்படியே வருவதாகப் பெயர் வாங்கிய தண்ணீருக்கு வடிப்பான் ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. உங்கள் "கையால் தைத்தது" என்ற வரி எனக்கு நினைவுக்கு வருவது இதனால்தான். கைப்பிடி மெஷின் தையல் என்றால் விளம்பரத்தை இன்றே திருத்துங்கள், அல்லது கைப்பிடியைத் திரும்பக் கைக்குக் கொண்டுவாருங்கள். வேறு யாரோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

போலிகளைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நான் படவில்லை. போலி வாங்குகிறவர் பெரும்பாலும் உங்களிடம் வரப்போகாதவர். அசல் என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்தான் நமக்குப் பொருட்டு. வர்த்தக முத்திரையைப் பதிவு செய்திருக்கிறீர்களா? தோல் பைகள் சர்வதேச வகைப்பாட்டில் 18-ஆம் வகுப்பு. துணி வகுப்பில் பதிந்துவிட்டுப் பைக்கு உரிமை கோருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் தளங்களே போலியைத் தேடி நீக்கும் என்று நம்ப வேண்டாம். டிஃப்பனி 2004-இல் ஈபே மேல் இதற்காக வழக்குப் போட்டுத் தோற்றது. 2010-இல் மேல்முறையீட்டிலும் அந்த நிலை பெரிதும் மாறவில்லை. குறிப்பிட்ட விற்பனை போலி என்று தெரியவந்தால்தான் தளத்துக்குப் பொறுப்பு. தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது பிராண்டின் வேலை என்றாகிவிட்டது. வாரம் ஒருமுறை ஒருவரை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். சந்தேகமானதை வாங்கிப் பார்த்து, வரிசை எண்ணோடு ஒப்பிட்டு, ஆதாரத்தோடு புகார் கொடுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. உங்கள் அசல் எங்கெங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். நீங்களே மெகா சேலில் இறங்கியிருந்தால், 40 சதவீதம் குறைந்த அசலையும் 60 சதவீதம் குறைந்த போலியையும் பிரித்தறிய வாடிக்கையாளருக்கு வழியே இருந்திருக்காது.

கடைசியாக, "கண்டவர்களும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்" என்ற வரி. இதை வேறு எங்கும் சொல்லாதீர்கள். வீட்டுக்குள்ளும் வேண்டாம், பட்டறைப் பையன்கள் காதில் விழும். 2006-இல் கிறிஸ்டல் என்ற ஷாம்பெய்னைச் செய்யும் லூயி ரோடெரெர் நிறுவனத்தின் தலைவரிடம், ராப் இசைக்கலைஞர்கள் உங்கள் மதுவை விரும்புவது பிராண்டைப் பாதிக்குமா என்று கேட்டார்கள். வாங்குகிறவர்களை நாம் தடுக்கவா முடியும் என்ற பொருளில் அவர் ஏதோ சொன்னார். அந்த ராப் கலைஞர்களில் ஒருவரான ஜே-ஸி அதை இனவெறி என்று கண்டித்து, தன் கிளப்புகளிலிருந்து அந்த மதுவை அகற்றினார். வேறொரு ஷாம்பெய்னைத் தூக்கிப் பிடித்தார், பின்னாளில் அதை விலைக்கே வாங்கினார். வருடக்கணக்கில் காசு வாங்காமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தவர், ஒரே ஒரு வாக்கியத்தால் போட்டியாளர் ஆனார்.

பர்பெரியின் கட்டம் போட்ட தொப்பியைக் கால்பந்து ரசிகர்கள் போட்டுக்கொண்டு திரிந்ததால்தான் பெயர் கெட்டது என்று சொல்வார்கள். 2004-இல் அந்தத் தொப்பி செய்வதை நிறுத்தியும்விட்டார்கள். தொப்பி போட்டவர்கள் செய்த தப்பென்ன? போலிகள் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கட்டத்தை எதில் வேண்டுமானாலும் போட அனுமதித்தது நிறுவனமேதான். 2006-இல் பொறுப்புக்கு வந்த ஏஞ்செலா ஆரென்ட்ஸ், உலகெங்கும் 23 உரிமதாரர்கள் ஆளுக்கொரு தினுசாகச் செய்துகொண்டிருந்ததாகவும், நாய்க்குப் போடும் மேலங்கி வரை அதில் இருந்ததாகவும் பின்னர் எழுதினார். அவர் வாடிக்கையாளரைத் திருத்தப் போகவில்லை. உரிமங்களைத் திரும்ப வாங்கினார், வடிவமைப்பை ஒருவர் கையில் கொடுத்தார், மழைக்கோட்டு என்ற ஆதிப் பொருளுக்குத் திரும்பினார். உங்கள் பையை யார் மாட்டிக்கொண்டாலும் அவர் காசு கொடுத்துத்தான் மாட்டியிருக்கிறார். முழு விலை கொடுத்திருந்தால் அவரும் நான் முதலில் சொன்ன அந்த வாடிக்கையாளர்தான்.

விளம்பரத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெகா சேலுக்கு ஒதுக்கிய பணம் மிச்சமாகுமே. பழுதுபார்க்க ஒரு மேசை போடுங்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய பையையும் கொண்டு வரலாம், விளிம்புப் பூச்சும் தையலும் இலவசம் என்று சொல்லுங்கள். வரும் ஒவ்வொரு பழைய பையையும், அதைக் கொண்டு வருகிறவர் அனுமதித்தால், படம் எடுத்துப் போடுங்கள். உழைத்துக் கறுத்த ஒரு தோல் பை சொல்வதைப் பிரபலங்களுக்குக் காசு கொடுத்துச் சொல்ல வைக்க முடியாது. எந்த இடத்தில் தையல் விடுகிறது, எந்தப் பூட்டு தேய்கிறது என்ற விவரமும் வீடியோவாக வெளியே போகும் முன் அந்த மேசைக்கே வந்துவிடும்.

எதை முதலில் என்று கேட்டிருந்தீர்கள். டீலரும் கிடங்கும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும். வீடியோ போட்ட அம்மாவின் எண் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். ஆபீஸ் பெண்ணைப் பேசச் சொல்லாமல் நீங்களே கூப்பிடுங்கள். ரசீது கேட்காதீர்கள். பையில் அன்று என்ன வைத்திருந்தார் என்றும் கேட்காதீர்கள்.